பதிவு முத்திரை மட்டும் போதுமா?

முப்பதாம் நாள் திருப்பலி முடிந்து உறவினர் கலைந்து செல்லுமுன் பல இல்லங்களில் ஒரு பத்திரம் வெளியே எடுக்கப்படுகிறது. மறைந்தவர் எழுதி வைத்த உயில் அது. அதில் சார்பதிவாளர் அலுவலகத்தின் முத்திரையும் பதிவு எண்ணும் பெருவிரல் ரேகையும் இருக்கக் கண்டதும், அதனால் பயன் பெறுபவர், "இது ரிஜிஸ்தர் செய்த உயில், இதை யாராலும் அசைக்க முடியாது" என்கிறார். பயன் பெறாதவரோ, "வழக்குப் போட்டால் எந்த உயிலும் நிற்காது" என்கிறார். இரண்டும் தவறான எண்ணங்களே. இவ்விரு தவறுகளுக்கும் இடையில் அகப்பட்டு, ஒரு தாய் வயிற்றில் பிறந்தவர்கள் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்குவதையும், ஒரே ஆலயத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பாராது அமர்ந்திருப்பதையும் நாம் காண்கிறோம்.

பதிவு செய்யப்பட்ட உயில் எப்பொழுது நிலைக்கும், எப்பொழுது வீழும் என்பதை நம் குடும்பத்தினர் ஓரளவேனும் அறிந்திருப்பது நலம். உயில் எழுத எண்ணுவோர்க்கும் அது பயன்படும். உயிலால் மனம் நொந்தோர்க்கும் பயன்படும்.

பதிவு என்பது எதற்குச் சான்று?

நிலத்தை விற்கும் பத்திரம் பதிவு செய்யப்பட வேண்டியது கட்டாயம். உயிலுக்கு அக்கட்டாயம் இல்லை. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம், விரும்பினால் பதிவு செய்துகொள்ளலாம் என்ற வகையிலேயே உயிலை வைத்திருக்கிறது. முத்திரைத் தாளும் தேவையில்லை. வெள்ளைத் தாளில் எழுதிய உயிலும் செல்லும். எழுதியவர் தம் உயிலை எப்பொழுது வேண்டுமானாலும் பதிவு செய்யலாம். அவர் இறந்த பின்னர், உயிலை நிறைவேற்ற நியமிக்கப்பட்டவரோ அதனால் பயன் பெறுபவரோ கூட அதைப் பதிவுக்குக் கொண்டு செல்லலாம்.

பதிவின்பொழுது சார்பதிவாளர் செய்வது யாது? வந்திருப்பவர் இன்னார்தாமா என்று பார்க்கிறார். இந்தப் பத்திரத்தை எழுதிக் கொடுத்தது நீர்தாமா என்று கேட்கிறார். கையொப்பமும் ரேகையும் பெறுகிறார். பதிவேட்டில் நகல் எடுத்து வைக்கிறார். வந்தவர் சிறுவர் என்றோ சித்த சுவாதீனம் அற்றவர் என்றோ தோன்றினால் பதிவை மறுக்கவும் அவருக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அந்தச் சொத்து உண்மையில் அவருடையதா, வீட்டில் அவரை யாரேனும் மிரட்டினார்களா, இதற்குப் பின் வேறொரு உயில் எழுதப்படுமா என்பனவெல்லாம் சார்பதிவாளரின் விசாரணைக்கு உட்பட்டவை அல்ல.

ஆகவே பதிவு ஒரு நல்ல சான்று. ஆனால் முழுச் சான்று அன்று. பத்திரம் பின்னாளில் மாற்றப்படவில்லை, தொலைந்தாலும் நகல் கிடைக்கும், இன்ன தேதியில் இன்னார் அலுவலகத்திற்கு வந்தார் என்பவற்றை அது காட்டும். வந்தவரின் உள்ளத்தை அது காட்டாது.

சட்டமே இந்த வேறுபாட்டை வெளிப்படையாய்க் கூறுகிறது. சாட்சிகள் ஒப்பமிட்ட பிற பத்திரங்கள் பதிவு செய்யப்பட்டிருந்து, அவற்றை எழுதிக் கொடுத்தவர் மறுக்காதிருந்தால், சாட்சியை நீதிமன்றத்திற்கு அழைக்க வேண்டியதில்லை. உயிலுக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. பதிவு செய்ததாயினும் சான்றொப்பமிட்ட சாட்சி ஒருவரையாவது கூண்டில் ஏற்ற வேண்டும். 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 68ஆம் பிரிவில் இருந்த இவ்விதி, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 67ஆம் பிரிவிலும் தொடர்கிறது. எழுதியவர் வந்து சொல்ல முடியாத ஒரே பத்திரம் உயில் அல்லவா? அதனால்தான் இத்துணைக் கண்டிப்பு.

இரு சாட்சிகள்

உயில் எவ்வாறு எழுதப்பட வேண்டும் என்பதை 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவு வகுக்கிறது. எழுதியவர் கையொப்பம் இடவேண்டும், அல்லது ரேகை வைக்க வேண்டும். இரண்டு சாட்சிகளாவது சான்றொப்பம் இடவேண்டும். ஒவ்வொரு சாட்சியும், அவர் ஒப்பமிட்டதைக் கண்ணால் கண்டிருக்க வேண்டும். அல்லது "இது என் கையொப்பம்தான்" என்று அவரே கூறக் கேட்டிருக்க வேண்டும். ஒவ்வொருவரும் அவர் முன்னிலையில் ஒப்பமிட வேண்டும். இருவரும் ஒரே நேரத்தில் கூடியிருக்க வேண்டும் என்பதில்லை.

இது எளிய விதிதான். எனினும் பல உயில்கள் இடறி விழும் இடமும் இதுதான். அவசரத்தில் எழுதிய உயிலுக்குச் சாட்சிக் கையொப்பத்தை மறுநாள் அவரவர் வீட்டிற்குச் சென்று வாங்கி வருகிறார்கள். பத்து ஆண்டுகள் கழித்துக் குறுக்கு விசாரணையில், "பெரியவர் கையெழுத்துப் போட்டதை நீர் பார்த்தீரா?" என்று கேட்டால், சாட்சி உண்மையைச் சொல்லிவிடுகிறார். பதிவு முத்திரை அங்கே உதவிக்கு வராது.

ஒரு சாட்சியை மட்டும் விசாரித்தாலும் போதும். ஆனால் அவர் மற்றச் சாட்சியும் முறைப்படி ஒப்பமிட்டார் என்பதையும் சேர்த்து மெய்ப்பிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002ஆம் ஆண்டில் ஜானகி நாராயண் போயிர் வழக்கில் கூறியது. இரு சாட்சிகளும் இறந்துவிட்டிருந்தால், எழுதியவரின் கையொப்பத்தையும் ஒரு சாட்சியின் கையெழுத்தையும் அறிந்தவர்களைக் கொண்டு மெய்ப்பிக்கச் சட்டம் வழிவிடுகிறது.

சார்பதிவாளரே ஒப்பமிட்டிருக்கிறாரே, அவரையே சாட்சியாகக் கொள்ளலாகாதா என்று சிலர் கேட்பர். சென்னையிலிருந்து மேல்முறையீடாகச் சென்ற அப்துல் ஜப்பார் சாகிப் வழக்கில், 1969இல் உச்ச நீதிமன்றம் இதனைத் தெளிவுபடுத்தியது. அது உயில் வழக்கு அன்று, ஒரு பிணைப் பத்திரம் பற்றியது. ஆயினும் விதி ஒன்றே: சாட்சியாக இருக்க வேண்டும் என்ற கருத்தோடு ஒப்பமிட்டால்தான் அது சான்றொப்பம். கடமைக்காகப் பதிவாளர் இடும் ஒப்பமும், ஆளை அடையாளம் காட்ட வந்தவர் இடும் ஒப்பமும் தாமாகவே சான்றொப்பம் ஆகிவிடா.

மனத்தெளிவும் விடுதலையும்

சட்டம் அடுத்தபடியாகக் கேட்பது எழுதியவரின் மனநிலை. முதுமையோ நோயோ கண்பார்வை இன்மையோ ஒருவரைத் தகுதியற்றவர் ஆக்குவதில்லை. தாம் செய்வது இன்னதென்று அறிந்து செய்தால் போதும். சித்தம் கலங்கியவரும் தெளிந்திருக்கும் வேளையில் உயில் எழுதலாம். ஆனால் குடியாலோ நோயாலோ வேறு காரணத்தாலோ தாம் செய்வதை அறியாத நிலையில் எழுதிய உயில் செல்லாது.

மனம் தெளிவாய் இருந்தால் மட்டும் போதாது. அது விடுதலையோடும் இருக்க வேண்டும். வஞ்சகத்தாலும் வற்புறுத்தலாலும், ஒருவரின் சுயேச்சையைப் பறிக்கும் அளவுக்கு நச்சரித்ததாலும் பெறப்பட்ட உயில் செல்லாது என்கிறது 61ஆம் பிரிவு. அங்கே சட்டம் தரும் எடுத்துக்காட்டுகள் நம் வீடுகளைப் பார்த்து எழுதியவை போலவே இருக்கின்றன. எதிர்த்துச் சொல்லத் திராணியற்ற நோயாளி ஒருவர், ஓயாத தொல்லைக்குப் பணிந்து, நிம்மதி கிடைத்தால் போதும் என்று எழுதிக் கொடுத்தால் அந்த உயில் செல்லாது. தீர்மானிக்கும் வலிமை உள்ள ஒருவர், பிறர் வேண்டிக் கேட்டுக்கொண்டதை ஏற்று, தாமே எண்ணிப் பார்த்து எழுதினால் அது செல்லும். சொத்தை எதிர்பார்த்து ஒருவர் முகத்துதி செய்தார், விழுந்து விழுந்து கவனித்தார் என்பதால் மட்டும் உயில் கெட்டுவிடாது.

மகன் கேட்டதில் குற்றமில்லை. தந்தைக்கு மறுக்கும் வலு இருந்ததா என்பதே கேள்வி.

ஐயத்திற்குரிய சூழ்நிலைகள்

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்து பார்ப்போம். எண்பது வயதுத் தந்தை, பக்கவாதத்தால் படுத்திருக்கிறார். இரு மகன்களும் ஒரு மகளும் உண்டு. இளைய மகன் வீட்டில் இருக்கிறார். அம்மகனே பத்திரம் எழுதுபவரை அழைத்து வருகிறார். சாட்சிகள் இருவரும் அவருடைய நண்பர்கள். வீடும் தோட்டமும் முழுவதும் அவருக்கே என்று உயில் எழுதப்படுகிறது. மற்ற இருவரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. வீட்டிற்கே அலுவலர் வந்து உயில் பதிவாகிறது. இரண்டு வாரத்தில் தந்தை காலமாகிறார்.

இந்த உயில் நிற்குமா? நீதிமன்றம் உடனே தள்ளிவிடாது. உடனே ஏற்கவும் ஏற்காது. 1958இல் வேங்கடாசல அய்யங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறி இன்றும் வழிகாட்டியாய் இருக்கிறது. உயில் உண்மையானது என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு, அதைக் கொண்டு உரிமை கோருபவரையே சாரும். நடுங்கிய கையொப்பம், எழுதியவரின் தளர்ந்த மனநிலை, இயல்புக்கு மாறான பங்கீடு, பெரும்பயன் பெறுபவரே உயில் எழுதுவதில் முன்னின்றது ஆகியவை ஐயத்திற்குரிய சூழ்நிலைகள். அவற்றை ஒவ்வொன்றாய் அவர் விளக்கி, நீதிமன்றத்தின் மனச்சான்று நிறைவடையும்படி செய்ய வேண்டும். அதே வேளையில், வஞ்சகம் நடந்தது, மிரட்டல் நடந்தது என்று குறிப்பாகக் குற்றம் சாட்டுபவர், அதனைத் தாமே மெய்ப்பிக்க வேண்டும்.

பதிவு இந்த ஐயங்களைப் போக்காதா? 1961இல் ராணி பூர்ணிமா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு நேரான விடை தந்தது. இது தம் சொத்தைப் பற்றிய உயில் என்று எழுதியவர் உணரும்படி பதிவு நடந்து, அதன்பின் அவர் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டிருந்தால், பதிவு ஐயத்தைப் போக்க உதவும். படித்துக் காட்டாமல், சடங்கைப் போல நடந்த பதிவாயின், முத்திரை இருந்தும் ஐயம் ஐயமாகவே நிற்கும்.

மகளை விலக்கிய உயில்

கிறிஸ்தவர் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால், மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கும், எஞ்சியது பிள்ளைகளுக்குச் சமமாகவும் சேரும். மகன், மகள் என்ற வேற்றுமை இல்லை. முன்னாள் திருவிதாங்கூரில் நிலைமை வேறாக இருந்தது. அங்கு 1916ஆம் ஆண்டுக் கிறிஸ்தவ வாரிசுச் சட்டப்படி, மகளுக்கு மகன் பங்கில் நான்கில் ஒன்று அல்லது 5,000 ரூபாய், இவற்றுள் எது குறைவோ அதுவே சீதனமாய் உரியது. 1951 ஏப்ரல் 1 முதலே அச்சட்டம் செல்லாதாகி, இந்திய வாரிசுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது என்று மேரி ராய் வழக்கில் 1986இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திருவிதாங்கூரின் பகுதியாக இருந்த கன்னியாகுமரி மாவட்டத்துக் குடும்பங்களுக்கும் இது பொருந்துவதாயிற்று.

இந்தச் சமபங்கைத் தவிர்க்கவே உயில் எழுதுவோரும் உண்டு. சட்டம் அதைத் தடுப்பதில்லை. கிறிஸ்தவர்க்குப் பிறப்பால் வரும் பங்குரிமை இல்லை; தம் சொத்து முழுவதையும் தாம் விரும்பியவர்க்கு எழுத ஒருவருக்கு உரிமை உண்டு. இயல்பான வாரிசுகளை விலக்கியது ஒன்றே ஐயத்திற்குக் காரணம் ஆகாது, வாரிசு முறையை மாற்றுவதற்காகவே உயில் எழுதப்படுகிறது என்று 1995இல் உச்ச நீதிமன்றமும் கூறியுள்ளது. ஆயினும் ஏன் விலக்கினோம் என்று ஒரு வரியும் எழுதாது விடுவதும், பிற ஐயங்களும் ஒன்று சேரும்போது, அந்த மௌனமே உயிலுக்கு எதிரியாகிவிடுகிறது.

சட்டம் அனுமதிப்பது எல்லாம் நியாயம் ஆகிவிடாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். நோயில் பணிவிடை செய்த மகளை, "சீதனம் கொடுத்தாயிற்று" என்ற ஒரு சொல்லால் ஒதுக்கும் தந்தை, தம் பிள்ளைகளுக்கு நிலத்தோடு பகையையும் எழுதி வைக்கிறார்.

கிறிஸ்தவர் அறிய வேண்டிய இரு விதிகள்

இந்துக்கள் எழுதும் உயிலுக்குப் பொருந்தாத இரு விதிகள் நமக்குப் பொருந்துகின்றன. பத்திரம் எழுதுவோர் சிலர் இவற்றைக் கவனிப்பதில்லை.

முதலாவது, 67ஆம் பிரிவு. உயிலில் சாட்சியாக ஒப்பமிட்டவருக்கோ, அவருடைய கணவன் அல்லது மனைவிக்கோ அதே உயிலில் எழுதிய சொத்து அவர்களைச் சேராது. உயில் நிற்கும்; அந்தக் கொடை மட்டும் செல்லாது. மருமகனைச் சாட்சியாக வைத்து மகளுக்கு வீட்டை எழுதினால், மகள் அந்த வீட்டை உயிலின்படி பெற முடியாது.

இரண்டாவது, 69ஆம் பிரிவு. ஒருவர் திருமணம் செய்துகொண்டால், அதற்கு முன் அவர் எழுதிய உயில் தானாகவே ரத்தாகிவிடும். மனைவியை இழந்தவர் பிள்ளைகளுக்கு உயில் எழுதிப் பதிவும் செய்தபின் மறுமணம் புரிந்தால், அந்தப் பதிவு செய்த உயில் வெறும் தாளே. முந்தைய ஏற்பாடு தொடர வேண்டுமாயின் மீண்டும் எழுத வேண்டும்.

இவற்றோடு எல்லோர்க்கும் பொதுவான ஒன்றையும் நினைவில் கொள்க: கடைசியாக எழுதிய உயிலே உயில். பதிவு செய்த பழைய உயிலை, முறைப்படி எழுதிய, பதிவு செய்யாத புதிய உயில் ரத்து செய்துவிடும்.

திருச்சபைக்கும் அறத்திற்கும் எழுதிய உயில்

நெடுங்காலம் வாரிசுரிமைச் சட்டத்தின் 118ஆம் பிரிவு நம்மைக் கட்டியிருந்தது. உடன்பிறந்தார் பிள்ளைகளோ அவர்களினும் நெருங்கிய உறவினரோ உள்ள ஒருவர், சமயப் பணிக்கோ அறப்பணிக்கோ சொத்தை எழுதினால், இறப்பதற்குப் பன்னிரண்டு மாதங்களுக்குக் குறையாமல் முன்பே எழுதி, எழுதிய ஆறு மாதத்துக்குள் சட்டப்படி ஒப்படைத்திருக்க வேண்டும். இன்றேல் அக்கொடை வீணாகும். கேரளத்தைச் சார்ந்த குருவானவர் ஜான் வல்லமட்டம் தொடுத்த வழக்கில், 2003 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இப்பிரிவு சமத்துவ உரிமைக்கு முரணானது என்று தள்ளுபடி செய்தது. எனவே அந்தக் காரணத்தைக் காட்டி இன்று உயிலை எதிர்க்க இயலாது.

ஆயினும் மேலே கூறிய ஐயங்கள் இங்கும் எழலாம். கோயிலுக்குச் சொத்து எழுதும் உயிலைக் கோயிலைச் சார்ந்தவர்களே எழுதி, அவர்களே பதிவுக்கும் அழைத்துச் சென்றால், நீதிமன்றம் அதே கேள்விகளைக் கேட்கும், கேட்பதும் முறையே. திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 1299ஆம் விதியும், இத்தகைய கொடைகளில் நாட்டின் சட்டம் கேட்கும் முறைகளை இயன்றவரை கடைப்பிடிக்கச் சொல்கிறது.

எதிர்க்க எண்ணுவோர்க்கு

உயிலைக் குறித்து ஐயம் கொண்டவர் முதலில் செய்ய வேண்டியது வழக்கு அன்று, விசாரணை. பதிவு செய்த உயிலின் நகலை, எழுதியவர் உயிருடன் இருக்கையில் அவரோ அவருடைய முகவரோ மட்டுமே பெறலாம். இறந்தபின் இறப்புச் சான்றைக் காட்டி மற்றவர் விண்ணப்பிக்கலாம். நகலைப் பெற்று, தேதி, கையொப்பம், சாட்சிகள், பதிவு நடந்த இடம் ஆகியவற்றைப் பாருங்கள். அத்தேதியில் அவர் மருத்துவமனையில் இருந்தாரா? சொத்து அவருக்கே உரியதா, அல்லது தாயின் பெயரிலும் இருந்ததா? பின்னர் வேறு உயில் எழுதினாரா?

2002ஆம் ஆண்டுத் திருத்தத்திலிருந்து, இந்தியக் கிறிஸ்தவர் உயிலின்படி உரிமை கோர நீதிமன்றத்தில் புரொபேட் பெற்றாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆகவே உயிலைக் காட்டி ஒருவர் பட்டாவைத் தம் பெயருக்கு மாற்றிவிட்டிருக்கலாம். அதனால் மற்றவர் உரிமை முடிந்துவிடவில்லை; பட்டா மாற்றம் சொத்துரிமையை முடிவு செய்வதில்லை. பாகப்பிரிவினை வழக்கில் உயிலை எதிர்க்கலாம். புரொபேட்டுக்கு விண்ணப்பித்திருந்தால், தமக்கு அறிவிக்காமல் அதனை வழங்கலாகாது என்று கேவியட் தாக்கல் செய்யலாம். தக்க காரணம் இருப்பின், வழங்கப்பட்ட புரொபேட்டையும் ரத்து செய்யக் கோரலாம். உயில் வீழ்ந்து, அதற்கு முந்தைய செல்லத்தக்க உயிலும் இல்லையாயின், சொத்து வாரிசு முறைப்படி பிரியும்.

வழக்குச் செலவுக்கு வழியில்லை என்று பெண்கள் பின்வாங்க வேண்டியதில்லை. 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்கள் வருமானம் எதுவாயினும் இலவசச் சட்ட உதவி பெறலாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அந்த அலுவலகத்தை அணுகலாம். சமரசத்திற்கு இணங்கினால் மக்கள் நீதிமன்றமும் உண்டு. எல்லோரும் ஒருமனப்பட்டால், உயில் எவ்வாறிருப்பினும் குடும்ப ஏற்பாடு செய்து பிரித்துக்கொள்வதைச் சட்டம் தடுக்காது.

எழுத எண்ணுவோர்க்கு

உயிலை வெளிச்சத்தில் எழுதுங்கள். உடல்நலம் இருக்கும்போதே எழுதுங்கள். பயன் பெறுபவர் பத்திரம் எழுதுமிடத்திலும் பதிவு அலுவலகத்திலும் அருகில் நிற்க வேண்டாம். சாட்சிகள் உங்களினும் இளையவர்களாய், பயன் எதுவும் பெறாதவர்களாய் இருக்கட்டும். மருத்துவர் ஒருவர் சாட்சியாய் அமைந்தால் மேலும் நன்று. நீங்கள் ஒப்பமிடுவதை அவர்கள் பார்க்கட்டும். அவர்கள் ஒப்பமிடும்வரை நீங்களும் அங்கேயே இருங்கள். முழுவதையும் வாய்விட்டுப் படிக்கச் செய்யுங்கள். ஒருவரைக் குறைத்தோ விலக்கியோ எழுதினால், காரணத்தைக் கடுஞ்சொல் இன்றி ஓரிரு வரிகளில் எழுதுங்கள். அடித்துத் திருத்தாதீர்கள், மாற்ற வேண்டுமாயின் புதிதாக எழுதுங்கள். இரகசியம் வேண்டுமாயின், முத்திரையிட்ட உறையில் மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைத்து வைக்கலாம். இவையெல்லாம் செய்தபின் பதிவும் செய்தால், அந்த முத்திரைக்கு உண்மையான மதிப்பு உண்டாகும்.

இவற்றினும் மேலான ஒரு வழியும் உண்டு. உயிலில் எழுதப்போவதைப் பிள்ளைகள் எல்லோரையும் ஒருங்கே அழைத்து உட்காரவைத்து, பெற்றோர் தம் வாயாலேயே சொல்லிவிடுவது. அன்று சிலர் முகம் சுளிக்கலாம். சில கண்ணீரும் வரலாம். ஆனால் கேள்வி கேட்க அவர்களுக்கும், விடை சொல்ல உங்களுக்கும் அன்று ஒரு வாய்ப்பு இருக்கிறது. பின்னாளில் நீதிமன்றம் தேடி அலையும் விடையை, உயிரோடிருக்கும் தந்தையோ தாயோ ஒரு மாலை வேளையில் தந்துவிடலாம்.